சின்னராசா நடந்த சனிக்கிழமை

சின்னராசா அண்ணனைப் பற்றி எங்கள் தோட்டத்தில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். மலை மலையாக ஏறிப் போய் நோயைக் கொடுத்துவிட்டு வந்தவன் என்கிறது ஒரு கூட்டம். ஐயோ பாவம், படிக்காத மனுஷனுக்கு என்ன தெரியும் என்கிறது இன்னொரு கூட்டம். எனக்கு இரண்டு கூட்டத்தோடும் சண்டைதான். முதல் கூட்டத்துக்கு வாய் அதிகம், இரண்டாவது கூட்டத்துக்கு மூளை குறைவு. நடந்ததை நடந்தபடி சொல்ல இரண்டு பக்கத்துக்கும் மனசில்லை. எனக்கும் இவ்வளவு நாள் மனசு வரவில்லை, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நான் சுகிர்தம். நானுஓயாவுக்கு மேலே இருக்கிற ஊசிமலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக டீச்சர். என் குவாட்டர்ஸுக்கும் சின்னராசா அண்ணனின் வரிசை வீட்டு லயத்துக்கும் நடுவில் ஒரு தண்ணீர்ப் பீலியும் ஒரு பேரிக்காய் மரமும்தான். அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். ஓங்கி வளர்ந்த தேயிலைச் செடியைக் கத்தியால் இடுப்பளவுக்கு இறக்குகிற வேலை. ஐம்பத்து நாலு வயது, ஒல்லி உடம்பு, ஆனால் அந்தக் கால்கள் சாமானியமான கால்கள் இல்லை. மோட்டார் ரோட்டில் வளைந்து வளைந்து அரை நாள் போகிற தோட்டத்துக்கு, தேயிலைக்குள்ளும் காட்டுக்குள்ளும் புகுந்து இரண்டு மணி நேரத்தில் போய் நிற்பார். அதனால்தான் தோட்டத்தில் யார் இறந்தாலும் வெளித்தோட்டத்துச் சொந்தங்களுக்குக் கேதம் சொல்ல அவரை அனுப்புவார்கள்.

எல்லார் கையிலும் போன் இருக்கும்போது சாவுச் செய்திக்கு ஆள் எதற்கு என்று கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். கொரோனா வருவதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் கீழ் லயத்தில் ஒரு அம்மா இறந்தபோது, மழை கொட்டுகிறதே என்று போனில் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாவின் தம்பி கருமாதி அன்றைக்கு வந்து, பந்தியில் போட்ட இலையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார். "எங்க அக்கா செத்தத அந்தப் பொட்டியா எனக்குச் சொல்லணும்? இங்க ரெண்டு காலுள்ள மனுசன் ஒருத்தன் இல்லையா?" என்று அவர் போட்ட சத்தத்தில் லயமே கூனிக் குறுகிப் போனது. அதற்குப் பிறகு யாரும் அந்த வம்புக்குப் போகவில்லை. செத்தவர்களைவிட இருப்பவர்களின் கோபத்துக்குத்தானே நாம் பயப்படுகிறோம்.

கேதம் சொல்கிறவருக்கு ஒரு முறை உண்டு. வாசலுக்குள் போகக் கூடாது. முற்றத்தில் நின்று இன்னார் தவறிவிட்டார், இத்தனை மணிக்கு எடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூட வாங்காமல் திரும்ப வேண்டும். தீட்டு. சின்னராசா அண்ணன் இந்த முறையை ஒருநாளும் மீறியதில்லை. இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

அவருக்கு உலகத்தில் இருந்தது ஒரே ஒரு மகள், நிலக்ஷி. அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே தாய் காய்ச்சலில் போய்விட்டாள். இன்னொரு கல்யாணம் செய்துகொள் என்று ஊரே சொன்னது. கேட்கவில்லை. விடிகாலையில் ரொட்டி சுட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுத்தான் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு ஓடுவார். அந்தப் பின்னலைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு பக்கம் காதுக்கு மேலே, ஒரு பக்கம் கழுத்துக்குக் கீழே. நான்தான் அவரைக் கூப்பிட்டு, ஒரு கயிற்றை ஜன்னலில் கட்டி, மூன்று பிரி பின்னச் சொல்லிக் கொடுத்தேன். கவ்வாத்துக் கத்தி பிடித்த விரல்கள் பின்னலுக்கு மசிய ஒரு மாதம் பிடித்தது. அந்தப் பிள்ளையை ஓ.எல். பரீட்சை வரைக்கும் நான்தான் படிப்பித்தேன். ஆறு பாடம் பாஸ். அன்றைக்கு அவர் என் வாசலில் நின்று அழுதார். நானும் அழுதேன், ஆனால் உள்ளே போய்.

நிலக்ஷியை இறம்பொடைப் பக்கம் தண்ணிமலைத் தோட்டத்தில் தர்ஷன் என்கிற பையனுக்குக் கொடுத்தார். முதல் கரு மூன்றாம் மாதமே தங்கவில்லை. இரண்டாவது உண்டானபோது அவர் தேங்காய் உடைக்காத கோயில் இல்லை. என் அந்தோனியாருக்கும் ஒரு மெழுகுவர்த்தி கொண்டுவந்து கொடுத்தார்.

2021 சித்திரை வருஷப் பிறப்புக்கு வந்துவிட்டுப் போனவள்தான் நிலக்ஷி. அடுத்த மாதம் பயணத்தடை வந்தது. பஸ் இல்லை, ரயில் இல்லை. பிறகு ஒரு மாதம் விட்டார்கள், மறுபடி பிடித்தார்கள். வளைகாப்பை என் போனில்தான் பார்த்தார். படம் நின்று நின்று வந்தது. வளையல் போடும் இடத்தில் சிக்னல் போய், பத்து நிமிஷம் வெறும் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கை வீங்கியிருக்கு டீச்சர். பார்த்தீங்களா, கை வீங்கியிருக்கு" என்றே அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் ஒரு கொரோனாக் குழு போட்டார்கள். பள்ளிக்கூடம் மூடிக்கிடந்ததால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். ரோட்டு முகப்பில் இரண்டு தார்ப் பீப்பாயை வைத்து, குறுக்கே மூங்கிலைக் கட்டினோம். உள்ளே வருகிறவர் பெயரை எழுத ஒரு கொப்பி. நானுஓயாச் சந்தியில் ஆமி. எல்லாம் சரிதான். ஆனால் தேயிலை அத்தியாவசியம் என்று சொல்லிவிட்டார்களே, அதனால் காலையில் பெரட்டு நடந்தது. மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அறுபது பெண்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு மட்டும் கொரோனா வராது என்று யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள் போல. நான் துரையிடம் கேட்டேன். "டீச்சர், உங்க வேலை வாசல் கேட்டோட சரி" என்றார்.

ஓகஸ்ட் மாதம் சின்னராசா அண்ணனுக்கு அடுத்த ஒற்றையறைக் காம்பராவில் வேலாயி அம்மா இருமத் தொடங்கினார். எழுபத்து மூன்று வயது. லயத்தில் இரண்டு காம்பராவுக்கு நடுவே இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் கெடும். அண்ணன் தினமும் கொத்தமல்லி அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார், தூக்கி உட்கார வைத்தார். ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், வேலாயி அம்மா போய்விட்டார். அன்று இரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது.

அது என்ன இருமல் என்று எனக்குத் தெரியும். குழுவின் செயலாளருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஆனால் வேலாயி அம்மாவின் மகன் என் காலில் விழுந்தார். "டீச்சர், எழுதிப் போட்டுடாதீங்க. பையில கட்டிக் கொண்டுபோய் எங்கயோ எரிச்சிருவாங்க. எங்கம்மா மொகத்தக்கூட பாக்க முடியாது" என்றார். பரிசோதனைக்குச் சொல்லி அனுப்ப வேண்டியவள் நான். வயது போன ஆள், நெஞ்சுச்சளி என்று நானே கொப்பியில் எழுதினேன். அன்றைக்கு அது இரக்கம் என்றுதான் நினைத்தேன்.

அடக்கத்துக்குப் பதினைந்து பேர்தான் வரலாம். வெளித்தோட்டத்திலிருந்து ஒருவரும் வரக்கூடாது. வர முடியாதவர்களுக்குக் கேதம் எதற்கு என்று கேட்டேன். லயத்துப் பெரியவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். வர முடியாது என்பதால்தான் கட்டாயம் சொல்ல வேண்டுமாம். சொன்னால்தானே அவர்கள் தங்கள் வீட்டிலேயே தலை முழுக முடியும். மூன்று தோட்டம்: புதுக்காடு, ஆறாங்கட்டை, சவுக்குமலை. போவது யார் என்று கேட்கவே வேண்டாம்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் பீலியடியில் அவரைப் பார்த்தேன். கையில் ஒரு துணிப்பை.

"கர்ஃபியூ போட்டிருக்காங்க அண்ணே" என்றேன்.

"ரோட்டுக்குத்தானே டீச்சர் கர்ஃபியூ. நான் ரோட்டுல கால் வைக்கப் போறதில்லையே" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. துணிப்பை கனமாக இருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். மரத்துப் பேரிக்காய்கள், மேலே மடித்து வைத்த ஒரு வெள்ளைச் சட்டை. வேலாயி அம்மாவின் சொந்தக்காரர் யாருக்கும் பேரிக்காய் கொண்டு போகிற வழக்கம் இல்லை. சவுக்குமலைக்கு மேலே ஏறி இறங்கினால் தண்ணிமலை. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. எட்டாம் மாதப் பிள்ளைத்தாய்ச்சியை ஒரு அப்பன் பார்க்கப் போகிறான், போகட்டுமே என்றுதான் எனக்கு இருந்தது.

அன்று என்ன நடந்தது என்பதை அவரே பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். புதுக்காட்டிலும் ஆறாங்கட்டையிலும் முற்றத்தில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அந்த இரண்டு தோட்டத்திலும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சவுக்குமலையில் வேலாயி அம்மாவின் தங்கச்சி ஓடிவந்து அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்து அழுதார். தள்ளிவிட முடியுமா? நின்றார். அங்கிருந்து இறங்கி, ஆற்றில் உடுத்த துணியோடு மூன்று முங்கு முங்கினார். சாவுத் தீட்டோடு பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்குள் போகக்கூடாது அல்லவா. ஈரத்தைப் பிழிந்து போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, சுத்தமாகிவிட்டோம் என்கிற நிம்மதியோடு தண்ணிமலைக்குப் போனார்.

தீட்டோடு போன இடத்தில் முற்றத்தில் நின்றவர், சுத்தமாகப் போன இடத்தில் உள்ளே போய் உட்கார்ந்தார். நாலு மணி நேரம். நிலக்ஷி அவர் தோளில் சாய்ந்துகொண்டு பேரிக்காய் தின்றாள். ஒரே கோப்பையில் சோறு பிசைந்து அவளுக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தை அவர் தின்றார். "அப்பா, கைய வச்சுப் பாருங்க, ஒதைக்குது" என்று வயிற்றில் அவர் கையைப் பிடித்து வைத்தாளாம். இதைச் சொல்லும்போது அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவருக்கு மேல் வலி. இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போனார். பிறகு வாசனை தெரியாமல் போனது. கருவாடு சுட்டால்கூடத் தெரியவில்லை என்று யாரிடமும் அவர் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிலக்ஷி போன் எடுத்தாள். காய்ச்சல், இருமல். மாமியார் கஷாயம் வைத்துக் கொடுக்கிறாராம். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா என்று இவர் கேட்டாராம். போனால் கொரோனா என்று பிடித்துவைத்துக்கொள்வார்கள், லயத்தையே அடைப்பார்கள், எல்லாரும் திட்டுவார்கள் என்றாளாம். இவரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை வேலாயி அம்மாவின் மகனுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் கொரோனா என்றார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு சுகாதாரப் பரிசோதகர் கிறிஸ்டியன் வந்து இறங்கினார். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அவருடைய அம்மாவும் கொழுந்தெடுத்தவர்தான். நாலு நாள் தூங்காத கண். லயத்தைச் சுற்றி மஞ்சள் நாடாவைக் கட்டினார், எல்லாருடைய மூக்கிலும் குச்சி விட்டு எடுத்தார். பிறகு என் மேசையில் ஒரு தாளை விரித்தார். நுவரெலியாவும் சுற்று வட்டாரமும் கையால் வரைந்திருந்தது. சிவப்புப் பேனையில் புள்ளிகள்.

"இதப் பாருங்க டீச்சர். ரோட்ட அடைச்ச பெறகு டவுன்ல பாதியாக் கொறஞ்சிருச்சு. பஸ் மட்டும் ஓடியிருந்தா இந்தத் தாள் பத்தாது" என்றார். பிறகு ஒரு புள்ளியில் விரலை வைத்தார். "ஆனா இந்தச் சவுக்குமலைதான் எனக்கு வெளங்கல. ரெண்டு மாசமா அங்கருந்து ஒருத்தர் வெளிய போகல, ஒருத்தர் உள்ள வரல. கொழுந்து லொறிகூட வேற பக்கமாத்தான் போகுது. ஒரு வயசான அம்மாவுக்கு மொதல்ல வந்திருக்கு. எங்கிருந்து வந்துச்சு?"

நான் கொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அவர் லயத்துக்கு முன்னால் போய் நின்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார். "இங்கருந்து யாராவது சவுக்குமலைக்குப் போனீங்களா? பொலிசுக்குச் சொல்லமாட்டேன். சத்தியமா சொல்லமாட்டேன். யாரு போனாங்க, வேற எங்கெங்க போனாங்கன்னு தெரிஞ்சா அங்க இருக்கிறவங்களக் காப்பாத்தலாம். ஏற்கனவே நாள் போயிருச்சு. இனி ஒவ்வொரு நாளும் கணக்கு."

பன்னிரண்டு காம்பராவும் தரையைப் பார்த்தது. அனுப்பிவைத்தவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள். இன்றைக்கு மலை மலையாக ஏறி நோயைக் கொடுத்தவன் என்று பேசுகிற வாயெல்லாம் அன்றைக்குப் பூட்டித்தான் இருந்தது.

கிறிஸ்டியன் வரிசையாகப் பெயரைச் சொல்லிக் கேட்க, நான் பக்கத்தில் நின்று கொப்பியில் எழுதினேன். சின்னராசா அண்ணனின் முறை வந்தது.

"பதினாலு நாளுக்குள்ள தோட்டத்த விட்டு எங்கயாவது போனீங்களா அண்ணே?"

"எங்கயும் போகலீங்க ஐயா. வேல செய்யிற மலைக்கும் வீட்டுக்குந்தான்."

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். கிறிஸ்டியனும் நான் எழுதுவதற்காகக் காத்திருந்தார். 'எங்கும் போகவில்லை' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், பிள்ளைகளுக்கு முன்மாதிரி எழுத்து. அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது. உண்மை வெளியே வந்தால் நெஞ்சுச்சளி என்று எழுதிய பக்கத்தையும் புரட்டுவார்கள். எனக்கு என் உத்தியோகம் பெரிதாகத் தெரிந்தது. ஒரு பாவப்பட்ட மனுஷனைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று அதற்கு நானே ஒரு பெயரும் வைத்துக்கொண்டேன்.

கிறிஸ்டியன் போன பிறகு நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, நிலக்ஷிப் பாப்பா எப்படி இருக்கு?"

"லேசாக் காய்ச்சல் டீச்சர். கொறஞ்சிரும்" என்றார். "சொன்னா ஆம்புலன்ஸ் வரும். சத்தம் போட்டுக்கிட்டு வந்து ஏத்திக்கிட்டுப் போவாங்க. இந்த மாதிரி போனவங்க எத்தன பேரு திரும்பி வந்திருக்காங்க, சொல்லுங்க. வயித்த அறுத்துப்புடுவாங்கன்னு சம்பந்தியம்மா பயப்படுறாங்க. அவ என் ஒத்தப் புள்ள டீச்சர்."

திரும்பி வருகிறவர்கள்தான் திரும்பாதவர்களைவிட அதிகம் என்று எனக்குத் தெரியும். கர்ப்பிணிகளை உடனே கொண்டு வரச் சொல்லி வந்த சுற்றறிக்கை என் மேசையில்தான் இருந்தது. "ஒரு நாள் பார்ப்போம் அண்ணே" என்றேன். டீச்சர் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. பார்த்தார்.

புதன்கிழமை முழுக்கப் பார்த்தோம். அன்று நான் இரண்டு தடவை போனை எடுத்தேன். கிறிஸ்டியனின் நம்பர் வரைக்கும் போய்விட்டு வைத்துவிட்டேன். பின்னேரம் அண்ணன் நாடா ஓரத்தில் வந்து நின்று, காய்ச்சல் இறங்கவில்லையாம், ஆனால் கஞ்சி குடித்தாளாம் என்றார். கஞ்சி குடித்தாளாம் என்பதை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை விடியும்போது என் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நாடாவைத் தாண்டி வந்து நின்றார். வாயில் துணி இல்லை, காலில் செருப்பு இல்லை.

"பாப்பாவுக்கு மூச்செடுக்க முடியலயாம் டீச்சர். மருமகன் அழுவுறான். நான் போனேன்னு சொல்லிருங்க. எல்லாத்தையும் சொல்லிருங்க. என்னய பொலிசு கொண்டுபோகட்டும், அடிக்கட்டும், என்ன வேணும்னாலும் செய்யட்டும். அவளக் காப்பாத்தச் சொல்லுங்க" என்று தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

கிறிஸ்டியனுக்குச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "எந்த லயம், எத்தனாவது காம்பரா?" என்று மட்டும் கேட்டார். ஒன்றரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் தண்ணிமலைக்குப் போய்விட்டது. வழியில் மூன்று இடத்தில் தடை இருந்தது. மூன்று இடத்திலும் ஆமிக்காரர்கள் தூரத்திலேயே பார்த்துவிட்டு மூங்கிலைத் தூக்கி வழி விட்டார்களாம். ஊரடங்கு அவளை ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க வைக்கவில்லை. தாமதித்தது நாங்கள்.

நிலக்ஷிக்கு ஒட்சிசன் கொடுத்தார்கள். வயிற்றில் கருவி வைத்துப் பார்த்தார்கள். துடிப்பு இல்லை. ஆண் பிள்ளையாம். அதை யாருக்கும் காட்டவில்லை.

தண்ணிமலையில் பதினொரு பேருக்கும், சவுக்குமலையில் ஆறு பேருக்கும் வந்தது. வேலாயி அம்மாவின் தங்கச்சி இறந்தார். கிறிஸ்டியன் மறுபடி வந்தபோது, தன் தாளில் ஊசிமலையிலிருந்து சவுக்குமலைக்கும், அங்கிருந்து தண்ணிமலைக்கும் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு எந்த ரோட்டையும் தொடவில்லை. "ஆயிரம் பேர வீட்டுல வச்சோம் டீச்சர். அது வீண் இல்ல. ஆனா வெளிய போற ஒருத்தரு, போனேன்னு வாயத் தொறந்து சொல்லணும்ல" என்றார். பிறகு என் கொப்பியைப் புரட்டி, சின்னராசா அண்ணனின் பெயருக்கு நேரே நான் எழுதியிருந்ததைப் பார்த்தார். கொப்பியை மூடி என்னிடமே கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சின்னராசா அண்ணனை அவருடைய காம்பராவிலேயே அடைத்து வைத்தார்கள். தண்ணிமலைக்குப் போக வேண்டும் என்று இரண்டு நாள் கதறினார். பிறகு அடங்கிவிட்டார். சாப்பாட்டு சாமானை நாடாவடியில் வைத்துவிட்டுக் கூப்பிட்டால் வந்து எடுப்பார். சில நாள் எடுக்க மாட்டார், நாய் எடுத்துவிடும். மகளுக்குப் போன் எடுப்பார், தர்ஷன் பேசுவான், அவள் பேச மாட்டாள்.

பதின்மூன்றாம் நாள் நான் அரிசியும் பருப்பும் கொண்டு போயிருந்தபோது அவர் போன் அடித்தது. அது பழைய பொத்தான் போன், காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில்தான் பேசுவார். நிலக்ஷி. வீட்டுக்கு வந்துவிட்டாளாம். குரல் ஒரு நூலாக வந்தது. அவர் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"சாப்பிட்டேன் பாப்பா. நீ சாப்பிட்டியா?"

"ம்."

மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினாள்.

"அப்பா, அந்த ஐயா ஒங்ககிட்ட மொதல்ல எப்ப வந்து கேட்டாரு?"

அவர் வியாழக்கிழமை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? நான்கூட மனசுக்குள் வியாழக்கிழமை என்று சொல்லுங்கள் அண்ணே என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

"செவ்வாக்கிழம பாப்பா" என்றார்.

"செவ்வாக்கிழமையே ஒங்களுக்குத் தெரியுமா, என்னன்னு?"

"தெரியும் பாப்பா."

"டீச்சருக்கும் தெரியுமா?"

நாடாவுக்கு இந்தப் பக்கம், பத்தடி தூரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"டீச்சருக்கு ஒண்ணுந் தெரியாது பாப்பா. நான் யாருகிட்டயும் சொல்லல."

எனக்கு வாய் இருந்தது. நான் பேசியிருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். இருபத்திரண்டு வருஷம் ஐம்பது பிள்ளைகளுக்குக் கேட்கிற மாதிரி கத்திப் படிப்பித்தவள் நான். அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் அழவில்லை, கோபமாகவும் பேசவில்லை. ஒரு விஷயத்தை அப்பாவிடம் சொல்லி வைக்க வேண்டும் என்பது போலத்தான் சொன்னாள்.

"புதன்கிழம பின்னேரம் வரைக்கும் புள்ள அசைஞ்சுச்சுப்பா."